ரிங் ஒட்டியதா, தேய்ந்ததா?

ஆயில் குடிக்கும் பெட்ரோல் வண்டியை எங்கள் மேஸ்திரி பட்டறையில் நிறுத்தி வைத்துச் சோதிக்க மாட்டார். சாவியை வாங்கிக்கொண்டு மேட்டுப்பாளையம் வழியாகக் குன்னூர் ஏறிவிடுவார். இறங்கும்போது இரண்டாவது கியரில் போட்டு, ஆக்சிலேட்டரில் கால் வைக்காமல், பர்லியாறு தாண்டிக் கல்லாறு வரை இன்ஜின் பிடிப்பிலேயே வண்டியை விடுவார். சாலை சமமானதும் ஒரே மிதி. பின்னால் இன்னொரு வண்டியில் வரும் நான் சைலன்சரைப் பார்த்துச் சொல்ல வேண்டும்: நீலப் புகை வந்ததா, வந்தது எவ்வளவு தூரம் நின்றது.

ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போது காற்று உள்ளே வர வழியில்லை. பிஸ்டன் இறங்க இறங்க சிலிண்டருக்குள் வெற்றிடம் உண்டாகி, எங்கே சந்து கிடைக்கிறதோ அங்கிருந்து ஆயிலை உறிஞ்சும். வால்வ் கைடு வழியாக மேலிருந்தும் வரும், ரிங்கைத் தாண்டிக் கீழிருந்தும் வரும். மலை இறங்கி முடித்து மிதிக்கும்போது, சேர்ந்த ஆயில் மொத்தமும் எரிந்து வெளியே வரும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் ஒரு பஃப் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வ் சீல். ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போது விடாமல் வந்தால் ரிங்கும் சிலிண்டரும். இதைக் கற்றுக்கொடுத்த பிறகுதான் மேஸ்திரி என் கையில் ஸ்பேனர் கொடுத்தார்.

இப்போது வருகிறவர்கள் கேட்பது வேறு கேள்வி. "அண்ணா, இன்ஜினை உள்ளேயே சுத்தம் பண்ற ஆயில் வந்திருக்காமே, அதை ஊத்தினா ஆயில் குடிக்கிறது நின்னுருமா?" ஒரு வார்த்தையில் பதில் சொன்னால் அவர்களுக்குச் செலவுதான். நாற்பது ஆண்டுகளாக இன்ஜின் பிரித்த கையால் எனக்குத் தெரிந்ததை இங்கே சொல்கிறேன்.

நான் வேலைக்கு வந்தபோது பட்டறை முழுக்க அம்பாசிடரும் பத்மினியும். அம்பாசிடருக்கு 1489 சி.சி., பத்மினிக்கு 1089 சி.சி. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடுவதற்குள் பெரும்பாலான இன்ஜின்களைப் பிரித்தாக வேண்டும். ஹெட்டை எடுத்துவிட்டுச் சிலிண்டரின் மேல் விளிம்பில் நகத்தால் தடவினால் ஒரு படி தட்டுப்படும். ரிங் போய்வந்த இடம் தேய்ந்து, போகாத இடம் அப்படியே நிற்பதால் வரும் படி அது. படி தெரிந்தால் பேச்சே இல்லை. பிளாக் லேத்துக்குப் போகும், போர் போடுவார்கள், ஓவர்சைஸ் பிஸ்டனும் ரிங் செட்டும் வாங்கி வருவோம். சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் இருந்ததால் எங்கள் ஊர்க் கடைகளில் பிஸ்டனுக்குப் பஞ்சமே வந்ததில்லை.

அந்தக் காலத்திலும் ரிங் பள்ளத்தில் கரி இருந்தது. பழைய ரிங்கை இரண்டாக உடைத்து, உடைந்த முனையால் பள்ளத்தைச் சுரண்டுவது புதுப் பையனின் வேலை. ஆனால் கரி அப்போது நோய்க்குக் காரணம் இல்லை, கூடவே இருந்த ஒன்று. சிலிண்டர் தேய்ந்ததுதான் காரணம். ஏர் ஃபில்டர் சரியில்லாமல் புழுதி உள்ளே போனது, ஆயில் மட்டமாக இருந்தது, சாலை மோசம். தேய்ந்த இரும்பை எந்த ஆயிலும் வளர்த்துக் கொடுக்காது. அதனால் "இதை ஊற்றினால் புகை நிற்கும்" என்று யாராவது ஒரு டின்னை நீட்டினால் மேஸ்திரி கையால்கூட தொட மாட்டார். அந்த டின்களில் பெரும்பாலும் இருந்தது ஆயிலைக் கெட்டியாக்கும் சரக்கு. சில நாள் புகை குறையும், வண்டி கைமாறும், அடுத்தவர் தலையில் விழும்.

மாருதியும் அதன் பின்னால் ஊசி போட்டுப் பெட்ரோல் விடும் இன்ஜின்களும் வந்த பிறகு கணக்கு மாறியது. 2000-ல் நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல் வந்தது. கார்புரேட்டர் போனதால் அதிகப்படி பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவுவது குறைந்தது. இரும்பும் ஆயிலும் தரமாயின. சிலிண்டர்கள் இரண்டு லட்சம், மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டின. நாங்கள் லேத்துக்குப் போவதே அரிதாகிவிட்டது.

அப்போதுதான் ஒரு டாக்டரின் வண்டி வந்தது. வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் மூன்று கிலோமீட்டர். ஒரு நாளைக்கு நான்கு முறை போய்வருவார். ஒருமுறைகூட இன்ஜின் நன்றாகச் சூடேறியிருக்காது. வருஷத்துக்கு ஆறாயிரம் கிலோமீட்டர்தான் ஓடும் என்பதால், பத்தாயிரம் ஆகட்டும் என்று ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆயில் மாற்றவில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு முக்கால் லிட்டர் குடித்தது. கம்ப்ரஷன் பார்த்தேன்: நான்கு சிலிண்டரும் புது வண்டி மாதிரி சமமாக நின்றது. வால்வ் சீல் மாற்றினோம், குறையவில்லை. டாக்டர் சம்மதித்துப் பிரித்தோம். சிலிண்டர் சுவரில் கம்பெனி போட்ட குறுக்குக் கோடுகள் அப்படியே இருந்தன. படி இல்லை, கீறல் இல்லை. பிஸ்டனைக் கையில் எடுத்தபோதுதான் தெரிந்தது. மேல் இரண்டு ரிங்கும் விரலால் தள்ளினால் சுற்றின. மூன்றாவது, ஆயில் ரிங், பள்ளத்தோடு ஒட்டிக் கல்லாகியிருந்தது.

இந்த மூன்றாவது ரிங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், விஷயம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. இரண்டு மெல்லிய தகடு, நடுவே அவற்றை வெளியே தள்ளும் ஒரு ஸ்பிரிங். பிஸ்டன் இறங்கும்போது சுவரில் இருக்கும் ஆயிலை இது வழித்தெடுக்கும். வழித்த ஆயில் பள்ளத்தின் பின்சுவரில் இருக்கும் சிறு துளைகள் வழியாகச் சம்புக்குத் திரும்ப வேண்டும். இன்ஜினை நிறுத்தியதும் பள்ளத்தில் தங்கும் ஆயில் அந்தச் சூட்டிலேயே வெந்து முதலில் அரக்கு மாதிரி ஒட்டும், பிறகு கரியாகும். துளை அடைபடும், தகடும் ஸ்பிரிங்கும் ஒன்றாக ஒட்டும். வழிக்க ஆள் இல்லாமல் சுவரில் நிற்கும் ஆயிலை மேல் ரிங்குகள் எரியறைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். மேல் ரிங்குகள் நன்றாக இருப்பதால் கம்ப்ரஷன் குறையாது, இழுவையும் குறையாது. வண்டி நன்றாக ஓடிக்கொண்டே ஆயில் குடிக்கும். கம்ப்ரஷன் சரியாக இருக்கிறது, அதனால் ரிங்கில் கோளாறு இல்லை என்று சொல்லி அனுப்பப்பட்ட எத்தனையோ வண்டிகள் பிறகு என்னிடம் வந்திருக்கின்றன.

இதில் ஒரு சுழற்சியும் உண்டு. ஆயில் குறையக் குறைய, மிச்சமிருக்கும் ஆயில் அதிகம் சூடாகிச் சீக்கிரம் கெடும். கெட்ட ஆயில் இன்னும் கரி வைக்கும். டிப்ஸ்டிக்கை மாதம் ஒருமுறை பார்க்காத வீட்டில் இது ஒரு வருஷத்தில் முற்றிவிடும்.

புது இன்ஜின்களில் இப்படி ரிங் ஒட்டுவது கூடியதற்குக் காரணம் இருக்கிறது. மைலேஜுக்காக ரிங்கை மெல்லியதாக்கினார்கள். நான் பத்மினியில் போட்டதற்குப் பாதிக் கனம்தான் இன்று வரும் சில ரிங்குகள். சுவரை அழுத்தும் விசையும் குறைவு, உராய்வு குறையட்டும் என்று. ஆயிலும் 20டபிள்யூ-40-லிருந்து 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 என்று இளகியது. ஆயில் மாற்றும் இடைவெளி பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம் ஆனது. அந்த "ஒரு வருஷம்" என்பதைப் பாதிப் பேர் படிப்பதில்லை. அழுத்தம் குறைந்த ரிங்கில் கொஞ்சம் கரி பிடித்தாலே அது அசையாது. நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை இது. அமெரிக்காவில் டொயோட்டாவின் 2.4 லிட்டர் 2ஏஇசட்-எஃப்இ இன்ஜின் இப்படி ஆயில் குடித்ததாகப் புகார் வந்து, 1200 மைலுக்கு ஒரு குவார்ட்டுக்கு மேல் குறைந்தால் பிஸ்டனையும் ரிங்கையும் மாற்றித் தருவதாக கம்பெனியே வாரண்டியை நீட்டிக்க வேண்டிவந்தது.

சரி, சுத்தம் செய்யும் ஆயில். இது புதுச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். ஆயிலில் சோப்புத்தன்மையுள்ள மருந்து சேர்க்கும் பழக்கமே ரிங் ஒட்டியதால்தான் வந்தது. 1930-களில் கேட்டர்பில்லர் டீசல் டிராக்டர்களில் ரிங் ஒட்டிக்கொண்டு பெரும் தொல்லையாக இருந்தது. கலிஃபோர்னியாவின் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனி அதற்காகவே மருந்து சேர்த்த ஆயிலைக் கொண்டுவந்தது. இன்றைக்கும் லாரிக்காரர்கள் சொல்லும் டெலோ என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். ஆக, நாம் ஊற்றும் ஒவ்வொரு நல்ல ஆயிலும் ஓரளவு சுத்தம் செய்யும் ஆயிலே. புது ஆயில் ஊற்றிய சில நாளில் கறுத்துவிட்டது என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். கறுத்தால் அது கரியைத் தன்னோடு தூக்கிக்கொண்டு ஓடுகிறது என்று பொருள். கறுக்காமல் இருந்தால்தான் நான் யோசிப்பேன்.

ஆனால் சாதாரண ஆயிலில் உள்ள மருந்து, கரி படியாமல் தடுப்பதற்கே பெரும்பாலும் செலவாகிவிடும். வெந்து இறுகியதைக் கரைப்பது வேறு வேலை. எஸ்டர் போன்ற சில அடிப்படை எண்ணெய்களுக்கு அரக்கை இளக்கும் குணம் உண்டு. சில புது ஆயில்கள் ஓரளவு அந்த வழியில் வேலை செய்கின்றன. மருந்தையும் இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது. கால்சியம் கலந்த மருந்து அதிகமானால் டர்போ வைத்த நேரடி ஊசி இன்ஜின்களில் பெட்ரோல் கலவை நேரம் தப்பி வெடித்துப் பிஸ்டனையே உடைக்கலாம். அதனால்தான் 2020-ல் வந்த ஏபிஐ எஸ்பி தர ஆயில்களில் அதைக் குறைத்து அந்த இடத்தில் ஓரளவு மெக்னீசியம் சேர்க்கிறார்கள். ஒரு பக்கம் இழுத்தால் இன்னொரு பக்கம் போகும் சமாச்சாரம் இது.

இந்த ஆயில்கள் வருவதற்கு முன் நாங்கள் செய்தது வேறு. பிளக்கைக் கழற்றி, நான்கு பிஸ்டனும் பாதி உயரத்தில் நிற்கும்படி கிராங்கைத் திருப்பி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கார்பன் கரைக்கும் திரவம் ஊற்றி இரவு முழுக்க ஊறவிடுவோம். மறுநாள் பெட்ரோல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, பிளக் இல்லாமலே சுற்றி மிச்சத்தை வெளியேற்ற வேண்டும். பிளக்கை மாட்டிவிட்டுச் சுற்றினால் உள்ளே நிற்கும் திரவத்தை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். கீழே இறங்கிய திரவம் ஆயிலில் கலந்திருக்கும் என்பதால் ஆயிலையும் ஃபில்டரையும் உடனே மாற்ற வேண்டும். டாக்டர் வண்டிக்குப் பிறகு சந்தேகப்பட்ட வண்டிகளுக்கு இதைத்தான் முதலில் செய்தேன். சிலவற்றில் பாதியாகக் குறைந்தது. சிலவற்றில் ஒன்றும் ஆகவில்லை. திரவம் மேலிருந்து இறங்குகிறது. மூன்றாவது ரிங்கைத் தொடுவதற்குள் வலு குறைந்துவிடும். ஆயில் அப்படி இல்லை, அது ஓடும் ஒவ்வொரு நிமிஷமும் அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே சுத்தம் செய்யும் ஆயிலில் எனக்கு நம்பிக்கை உண்டு.

டீசலோ மண்ணெண்ணெயோ கலந்து ஐட்லிங்கில் ஓடவிடும் வழக்கம் இன்றும் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். பக்கத்துத் தெருப் பட்டறை ஒன்றில் அப்படிச் செய்த வண்டியைப் பிறகு நான் பிரித்தேன். பத்து வருஷமாக ஹெட்டிலும் சம்பிலும் படிந்த கசடு ஒரே நேரத்தில் உதிர்ந்து, ஆயில் பம்பின் ஸ்ட்ரெய்னரை அடைத்துவிட்டது. ஆயில் விளக்கு எரிந்ததை ஓட்டியவர் கவனிக்கவில்லை. பேரிங் உருகி கிராங்க் போய்விட்டது. கரியைக் கரைக்க எவ்வளவு அவசரம் காட்டுகிறோமோ அவ்வளவு ஆபத்து. மெதுவாகக் கரைவதுதான் இன்ஜினுக்கு நல்லது.

2024-ல் வால்வொலின் கம்பெனி அமெரிக்காவில் ரெஸ்டோர் அண்ட் புரொடெக்ட் என்ற ஆயிலை விற்க ஆரம்பித்தது. உள்ளே படிந்த கரியில் 100 சதவீதம் வரை எடுக்கும் என்பது அவர்கள் சொல்வது. "வரை" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், மகன் அங்கிருந்து கொண்டுவந்ததாக அந்த ஆயில் கேன்களோடு வந்தார். வண்டி ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியது, ஆயிரத்துக்கு அறுநூறு மில்லி குடிக்கிறது. நான் உடனே ஊற்றவில்லை. பிளக் துளை வழியாகக் கேமராவை விட்டேன். இன்று செல்போனில் மாட்டிப் பார்க்கும் கேமரா எந்தப் பட்டறையிலும் கிடைக்கும். சுவரில் குறுக்குக் கோடுகள் தெரிந்தன. பிஸ்டன் தலையில் நடுவே கரி, ஓரம் மட்டும் கழுவின மாதிரி ஈரமாகப் பளபளத்தது. ஓர ஈரம் என்றால் ஆயில் கீழிருந்து வருகிறது. கோடுகள் இருப்பதால் தேய்மானம் இல்லை. கிராங்க் கேஸ் காற்றை இன்டேக்குக்கு விடும் பிசிவி வால்வையும் பார்த்தேன், அடைப்பில்லை. அது அடைத்தால் ரிங்கைப் பழிசொல்லி ஏமாந்துவிடுவோம். இத்தனையும் பார்த்த பிறகுதான், "ஊத்தலாம் சார். ஆனா நீங்க நோட்டுல எழுதிட்டு வரோணும்" என்றேன்.

எழுதும் முறை இது. காலையில், இன்ஜின் ஆறிய நிலையில், அதே சமதள இடத்தில் நிறுத்தி டிப்ஸ்டிக் மேல் கோடு வரை நிரப்பணும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் அதே இடத்தில், அளவுக் குவளையால் ஊற்றி மறுபடி மேல் கோட்டுக்குக் கொண்டுவரணும். ஊற்றின அளவுதான் கணக்கு. "குறைஞ்ச மாதிரி இருக்கு" என்ற பேச்சுக்கு என் பட்டறையில் இடமில்லை. செலவு பண்ணினவருக்குக் குறைந்த மாதிரிதான் தோன்றும்.

முதல் ஐயாயிரத்தில் பெரிய வித்தியாசமில்லை. மனிதருக்குச் சலிப்பு. ஐயாயிரத்திலேயே ஆயிலும் ஃபில்டரும் மாற்றினேன், பத்தாயிரம் விடவில்லை. கரைந்த கரியை வெளியே எடுக்காமல் சுற்றவிட்டு என்ன பயன்? ஃபில்டரை வெட்டி விரித்துப் பார்த்தோம். மடிப்புகளில் மிளகுத்தூள் போலக் கரித்துகள் இருந்தது. இரும்புத் தூள் இல்லை. இரண்டாவது முறை முடியும்போது ஆயிரத்துக்கு நானூறு, மூன்றாவதில் இருநூற்றைம்பது. அங்கேயே நிற்கிறது. பூஜ்யம் ஆகவில்லை. ஆனால் இரண்டு சர்வீஸுக்கு நடுவே ஊற்ற வேண்டியது அவர் சமாளிக்கும் அளவுக்கு வந்துவிட்டது, இன்ஜினை இறக்கவும் வேண்டியிருக்கவில்லை.

அதே வருஷம், அதே ஆயிலை வேறொருவர் வண்டியில் ஊற்றியதில் ஒரு மில்லிகூடக் குறையவில்லை. அந்த வண்டி ஒருமுறை ரேடியேட்டரில் தண்ணீர் இல்லாமல் கொதித்தது. கேமராவில் இரண்டாவது சிலிண்டரில் நெட்டுக்கு நெட்டாக இரண்டு கீறல். அதைச் சொல்லி, "இதுக்கு ஆயில் வீண் செலவுங்க" என்றும் சொன்னேன். முயன்று பார்க்கலாமே என்றார், பார்த்தார். நான் சம்மதித்தது அவர் மனநிறைவுக்காகத்தான். இன்ஜினை இறக்கிச் சிலிண்டருக்கு ஸ்லீவ் போட்டு முடித்தோம்.

ஆக, சுத்தம் செய்யும் ஆயில் ரிங்கில் உள்ள கரியைக் குறைக்குமா என்றால், குறைக்கும், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆயில் குடிப்பதைக் குறைக்குமா என்றால், ஒட்டிய ரிங்கால் குடிக்கும் வண்டியில் மட்டும். தேய்ந்த சுவர், கீறல், இறுகிப்போன வால்வ் சீல், டர்போ சீல் இவற்றுக்கு இந்த ஆயில் எதுவும் செய்யாது. துளைகள் முழுக்க அடைத்துக் கல்லானதிலும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அடைபட்ட துளைக்குள் ஆயில் ஓடினால்தானே கரைக்கும்? ஆயிரத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கும் நிலையில் வருகிறவர்களிடம் நான் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். அதுவரை காத்திருப்பதில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. எரியும் ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் சைலன்சரில் இருக்கும் கேட்டலிஸ்டைக் கெடுத்துவிடும். அதன் விலை ரிங் வேலையைவிட அதிகமாகும் வண்டிகள் உண்டு.

எனக்கு வருத்தம் தருவது, இந்தக் கேன்களை வாங்குகிறவர்களில் பலர் காலம் கடந்த பிறகு வாங்குவதுதான். தினமும் மூன்று கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சாதாரண நல்ல ஆயில் மாற்றினாலே டாக்டர் வண்டிக்கு வந்தது வராது. வாரம் ஒருநாள் அவிநாசி வரை ஒரே ஓட்டமாக ஓட்டிவிட்டு வந்தால் உள்ளே சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகும். கடையில் லூஸ் ஆயில் வாங்காதீர்கள். காலி கேனைப் பழைய பேப்பர்காரரிடம் போடும் முன் கத்தியால் கிழித்துவிடுங்கள். அதே கேனில் வேறு சரக்கு நிரப்பி உங்களுக்கே திரும்ப வரும். கிழிக்காமல் எந்தக் கேனும் என் பட்டறையிலிருந்து வெளியே போகாது.

இப்போது டிராவல்ஸ்காரர் ஒருவரின் வண்டி வந்துபோகிறது. இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ஓடியிருக்கிறது, ஆயிரத்துக்கு எண்ணூறு மில்லி. மூன்று சிலிண்டரில் கோடுகள் நன்றாகத் தெரிகின்றன, நான்காவதில் மங்கலாக இருக்கிறது. ஒட்டியதும் தேய்ந்ததும் சேர்ந்த கேஸ் என்று தோன்றுகிறது. சுத்தம் செய்யும் ஆயில் ஊற்றி இரண்டு முறை மாற்றியாகிவிட்டது, நோட்டில் எண்ணூறு அறுநூற்றைம்பதாகியிருக்கிறது. தைப்பொங்கல் வரை அவருக்குச் சபரிமலை ஓட்டம் முழுக்க இருப்பதால் அதுவரை இறக்க முடியாது. மூன்றாவது மாற்றத்தில் ஐந்நூறுக்குக் கீழே வந்தால் தொடரலாம், வராவிட்டால் தை கடைசியில் பிளாக்கை லேத்துக்கு அனுப்பிவிடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். ரிங் செட் விலையை இப்போதே கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன்.